முப்பத்தொரு விக்கல்

அம்சவேணி டீச்சரின் இசையைக் கேட்கப் போகிறவர்கள் இரண்டு வகை. பாதியில் எழுந்து போகிறவர்கள் ஒரு வகை. எழுந்து போக வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. அப்படி உட்கார்ந்திருந்தவன்தான் கடைசியில் அவரிடமே மாணவனாகச் சேர்ந்தேன்.

ஒருமுறை பத்துப் பேரை மேடையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பாலிதீன் பையைக் கையில் கொடுத்தார். முடிச்சுப் போட்ட பை. சத்தம் வராமல் அவிழ்க்க வேண்டும். இருபது நிமிடம். அதுதான் கச்சேரி. நான் ஏழாவது ஆள். என் பையிலிருந்து வந்த சத்தம் பக்கத்துத் தெருவுக்கே கேட்டிருக்கும். இதை இசை என்று வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

சிங்காநல்லூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடி அறை. சனிக்கிழமை பிற்பகலில் வகுப்பு. மாணவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், தபால் பிரிக்கிறவன். இன்னொருவர் குலசேகரன் அண்ணன்.

குலசேகரன் அண்ணன் முப்பத்து நாலு வருடம் ஒரு சினிமா ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் வேலை, சத்தத்தை அகற்றுவது. பாட்டுக்கு நடுவே யாராவது தொண்டையைச் செருமினால், ஃபேன் முனகினால், நாற்காலி கிறீச்சிட்டால், தேடிப் பிடித்து எடுத்துவிடுவார். வயது அறுபத்து மூன்று. டீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். டீச்சர் அவரை அண்ணா என்பார். அவர் டீச்சரை டீச்சர் என்பார், அதுவும் எழுந்து நின்று.

ஒரு சனிக்கிழமை அவர் கேட்டார்.

“டீச்சர், உங்க குரு யாருங்க?”

டீச்சர் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். “ஏனுங்கண்ணா, திடீர்னு?”

“தெரிஞ்சவங்க கேக்கறாங்க. இந்த வயசுல யார்கிட்டக் கத்துக்கப் போறீங்கன்னு. உங்க பேரைச் சொல்றேன். சரி, அந்தம்மா யார்கிட்டக் கத்துக்கிட்டாங்கங்கிறாங்க. அதோட நான் முழிக்கறேன்.”

“அவ்வளவுதானா?”

“இல்லீங்க.” அவர் குரல் இறங்கிவிட்டது. “முப்பத்து நாலு வருஷம் சத்தத்தை எடுத்தேன். ஒண்ணுகூட உண்டாக்கினதில்லை. போறதுக்குள்ள ஒண்ணாவது பண்ணிடணும்னுதான் இங்க வர்றேன். வரவே மாட்டேங்குது. உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா, நானும் அங்க போய்க் காதைக் குடுத்துப் பார்ப்பேன்.”

டீச்சர் ஜன்னலை விட்டு வந்தார். பிறகு பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். மேலே மங்கிய மையில் ‘வீணை, ஞாயிறு’ என்று எழுதியிருந்தது.

“இதுல இருக்குங்க. கேட்டுட்டு வாங்க.”

“யாரு வாசிச்சது?”

“கேட்டுட்டு வாங்க,” என்றார் மறுபடியும். “பத்து வருஷமா நானே இதைப் போடலை. அறுந்துருமோன்னு பயம். அடுத்த மாசம் சங்கத்துல இதைத்தான் போடப் போறேன். நீங்க வேலை தெரிஞ்சவர். பார்த்து, கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுங்க.”

குலசேகரன் அண்ணன் கேசட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். படி இறங்கும்போதும் அப்படியே பிடித்துக்கொண்டு போனார்.

சங்கம் என்றது நகரத்து இசைச் சங்கத்தை. மாதம் ஒரு கலைஞரைக் கூப்பிட்டு, தன்னை உருவாக்கிய இசையைப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். டீச்சரைக் கூப்பிட்டதே பெரிய அதிசயம். செயலாளர் சென்னியப்பன் அழைப்பிதழுக்கு விவரம் கேட்டு ஒரு படிவத்தோடு வந்தார்.

“குருன்னு ஒரு கட்டம் இருக்குங்க. காலியா வெச்சிருக்கீங்க.”

“ஆமாங்க.”

“போன மாசம் வந்தவர் ஒன்பது பேர் எழுதினார். பத்தலைன்னு பின்பக்கம் வேற எழுதினார்.”

“எனக்குக் கட்டம் பத்தாம இல்லீங்க. அன்னிக்கு வந்து கேட்டா உங்களுக்கே தெரிஞ்சிரும்.”

சென்னியப்பன் காலியிடத்தைப் பொறுக்காத மனிதர். அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது அதில் இப்படி இருந்தது: ‘குரு: பின்னர் அறிவிக்கப்படும்.’ நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டீச்சரும் சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்து குலசேகரன் அண்ணன் வந்தார். தலை வாரி, சலவைச் சட்டை போட்டு, பொண்ணு பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தார். கையில் பென் டிரைவ்.

“கண்டுபிடிச்சுட்டேங்க டீச்சர். உங்க குரு யாருன்னு.”

“அப்படியா?”

“இந்த வீணை. பேர் தெரியலை. ஆனா என்ன கை! ஒரு மீட்டு மீட்டிட்டு அது அடங்கற வரைக்கும் விட்டுட்டு உட்கார்ந்திருக்காருங்க. கேளுங்க. பதினோரு நாள் உட்கார்ந்து சுத்தம் பண்ணியிருக்கேன். அவர் உங்க முன்னாடி உட்கார்ந்து வாசிக்கற மாதிரி இருக்கும்.”

“சுத்தம்னா?” என்றார் டீச்சர்.

அவர் அதற்குள் ஒலிபெருக்கியில் சொருகிவிட்டார். வீணை ஆரம்பித்தது.

உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஒரு வீணையை நான் கேட்டதில்லை. ஒரு கீறல் இல்லை, இரைச்சல் இல்லை. நாற்பத்தொரு நிமிடம். குலசேகரன் அண்ணன் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் முதலில் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு காதை அதன்மேலேயே வைத்துவிட்டார். என்னமோ சரியில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வீணை நின்றது.

“வீணை ரொம்ப நல்லா இருக்குங்கண்ணா,” என்றார் டீச்சர். “இவ்வளவு நல்லா இருந்துச்சுன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது.”

குலசேகரன் அண்ணனுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

“அம்மா எங்கீங்க?” என்று கேட்டார் டீச்சர்.

“யாரு அம்மா?”

“எங்கம்மா.”

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. டீச்சர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“ஈரோட்டுல ரயில்வே காலனி. ஒரு ரூம், ஒரு அடுக்களை. அப்பா சிக்னல் ஃபிட்டர். ரேடியோவுல கச்சேரி வந்தா டேப் ரிக்கார்டரை அதுக்கு முன்னாடி வெச்சுப் பிடிப்பார். பிடிச்சு முடிக்கற வரைக்கும் வீட்டுல ஒருத்தர் மூச்சு விடக்கூடாது.”

எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். வயர் போட்டு நேராகப் பிடிக்கலாம் என்பதெல்லாம் அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்? ரேடியோ முன்னால் டேப் ரிக்கார்டர், அதற்கு முன்னால் அப்பா, அவருக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குடும்பம்.

“எனக்கு எட்டு வயசு. அன்னிக்குப் பார்த்து அம்மாவுக்கு விக்கல் வந்துருச்சு. அடக்கறாங்க, அடக்க அடக்க வருது. கச்சேரி முழுக்க வந்துச்சு. எனக்கு வீணை ஒண்ணும் காதுல விழலை. அடுத்த விக்கல் எப்ப வரும், எப்ப வரும்னு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷம் அம்மா போயிட்டாங்க. போட்டோ மூணு இருக்குங்கண்ணா. சத்தம் இது ஒண்ணுதான். விக்கலு. அப்புறம் கடைசியில ஒரு வார்த்தை.”

குலசேகரன் அண்ணன் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

“எடுத்துட்டேங்க,” என்றார். “எல்லாத்தையும் எடுத்துட்டேன்.”

“கேசட்டுல இருக்குமில்ல?” என்றேன் நான்.

அவர் பையிலிருந்து ஒரு மிட்டாய் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பழுப்பு நாடா இடியாப்பம் மாதிரிச் சிக்கிக் கிடந்தது. ஒருதரம் முழுசாக ஏற்றிவிட்டாராம். எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டாம் தரம் போட்டபோது மெஷின் தின்றுவிட்டதாம்.

“முதல்ல ஏத்தினது இருக்குமே, கம்ப்யூட்டர்ல?”

“அழிச்சுட்டேன் தம்பி. எங்க கூடத்துல அப்படித்தான் பழக்கம். சுத்தம் பண்ணினதும் அழுக்கை அழிச்சுரணும். ரெண்டையும் வெச்சிருந்தா என்னிக்காவது ஒருத்தன் அழுக்கை அனுப்பிருவான். வேலையில சேர்ந்த முதல் நாள் சொல்லிக் குடுத்தது. கை தானாப் பண்ணிருச்சு.”

டீச்சர் டப்பாவை வாங்கி, நாடாவை விரலால் தொட்டார். சத்தம் ஏறியிருந்த பூச்சு பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. அழ ஆரம்பித்தார். நான் அவரிடம் மூன்று வருடமாக இருக்கிறேன், அழுது பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலைத் திறந்துவிட்டேன். கீழே எவனோ சைக்கிள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

“திட்டிருங்க டீச்சர்,” என்றார் குலசேகரன் அண்ணன். “ரெண்டு அறை வேணாலும் குடுங்க.”

“நீங்க ஒண்ணும் வேணும்னு பண்ணலீங்களே.”

“அது இன்னும் கேவலமுங்க.”

அவர் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. சென்னியப்பனிடம் வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். டீச்சர் மிட்டாய் டப்பாவை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். வகுப்பு நடந்த மாதிரியும் இருந்தது, நடக்காத மாதிரியும் இருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை குலசேகரன் அண்ணன் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. கையில் நீளமான ஒரு பைண்டு நோட்டு.

“சொல்லிட்டுப் போலாம்னு வந்தேங்க. இனிமே வர மாட்டேன். வர்ற யோக்கியதை இல்லை.”

“கையில என்னங்க?”

“இதுவா? இதையும் குடுத்துட்டுப் போறேன். எங்க வேலையில, எதை எடுத்தாலும் எழுதி வெக்கணும். எந்த நிமிஷம், எந்த நொடி, என்ன சத்தம், எத்தனை நேரம். அடுத்த ஷிப்டுல வர்றவனுக்குத் தெரியணும்ல. என்னென்ன பாவம் பண்ணேன்னு வரிசையா இருக்கு. நூத்து அறுபத்தெட்டு.”

டீச்சர் எழுந்துவிட்டார். “உள்ள வாங்க.”

“இல்லீங்க டீச்சர்.”

“உள்ள வந்து படிங்கண்ணா.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

“நாலு நிமிஷம் பன்னெண்டு நொடி. விக்கல். பெண். அகற்றப்பட்டது.”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நாலு நிமிஷம் முப்பத்தாறு. விக்கல். அதே பெண். அகற்றப்பட்டது. அஞ்சு நிமிஷம் ஒரு நொடி. வளையலை முழங்கைக்கு ஏத்திவிடற சத்தம். அகற்றப்பட்டது.”

“ரெண்டு கண்ணாடி வளையல்,” என்றார் டீச்சர். “சத்தம் வருமேன்னு ஏத்திவிட்டாங்க.”

“ஆறு நிமிஷம் ரெண்டு நொடி. ‘ஸ்ஸ்’னு ஒரு சத்தம். ஆண். ரொம்பப் பலமானது.”

“அப்பா!”

“விக்கலைவிட இதுதாங்க பெருசு. எடுக்க ரெண்டு நாளாச்சு.”

டீச்சர் சிரித்துவிட்டார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. “அப்பாவுக்குத் தெரியாது. அவர் ‘ஸ்ஸ்’னதுதான் அந்தக் கச்சேரியிலயே பெரிய சத்தம். ஒவ்வொரு தடவை போட்டுக் கேட்கும்போதும் யாருடா அதுன்னு எங்களைத் திட்டுவார்.”

குலசேகரன் அண்ணனின் குரல் மாறிவிட்டது. குற்றப்பத்திரிகை போய், கதை வாசிக்கிற மாதிரி ஆனது.

“பத்து நிமிஷம் நாப்பது. தண்ணியில டம்ளர் முங்கற சத்தம். பதினோரு நிமிஷம். தரையில ஒட்டின வெறுங்காலைப் பிரிக்கற சத்தம். சின்னப் பாதம்.”

“நான்.”

“இதே சத்தம் அப்பப்ப வருதுங்க. மொத்தம் பதினாலு. கடைசி ஒண்ணு பத்தொன்பதாவது நிமிஷத்துல.”

“அப்பா என்னைப் பார்த்து, அம்மாவுக்குத் தண்ணி குடுன்னு கையால சொன்னார். கொலுசைக் கழட்டி வெச்சுட்டு நடந்தேன். அடுக்களையிலிருந்து அம்மாகிட்டப் பதினாலு அடி.”

“பதினாலு அடிக்கு எட்டு நிமிஷமா?” என்றேன் நான்.

“சத்தம் வரக்கூடாதே,” என்றார் டீச்சர், எட்டு வயசுக்காரி மாதிரி.

எனக்குப் பாலிதீன் பை ஞாபகம் வந்தது.

“ஆனா உடனே தண்ணி குடிச்ச சத்தம் வரலையே டீச்சர்,” என்றார் குலசேகரன் அண்ணன், பக்கத்தைப் புரட்டியபடி. “விக்கல்தான் வந்துக்கிட்டே இருக்கு.”

“குடிக்கலீங்க. மடக் மடக்குன்னு கேட்குமேன்னு டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. கச்சேரி முடியற வரைக்கும். எங்கம்மாவுக்கு அவ்வளவு பயம். பயமும் இல்லை. அப்பா ஆசையா பிடிக்கறாரேன்னு.”

அவர் வாசித்துக்கொண்டே போனார். காக்கா ஒன்று, தூரத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று, அப்பாவின் முட்டி மடங்கிய சத்தம், விக்கல், விக்கல். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். நோட்டை என்னிடம் நீட்டினார். நான் வாசித்தேன்.

“நாற்பது நிமிஷம் ஐம்பத்தெட்டு நொடி. கச்சேரி முடிந்தது. பிறகு தண்ணீர் குடிக்கும் சத்தம். பெண் குரல், ஒரு சொல்: அப்பாடா. டேப் ரிக்கார்டரை நிறுத்தும் பொத்தான் சத்தம். மிச்சம் என்று நறுக்கப்பட்டது.”

“விக்கல் மட்டும் மொத்தம் எத்தனைங்கண்ணா?” என்று டீச்சர் கேட்டார்.

“முப்பத்தொண்ணு.”

“நான் எண்ணினதே இல்லை. அஞ்சாவது எப்படி இருந்துச்சு?”

“அஞ்சாவதா?” அவர் யோசிக்கவே இல்லை. “முந்தானையை வாயில வெச்சிருந்தாங்க. பாதிதான் வெளிய வந்துச்சு. மீதி உள்ள போயிருச்சு.”

“செஞ்சு காட்டுங்க.”

“நானா?”

“வேற யாரு?”

அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே விட்டத்தைப் பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை வாயில் பொத்திக்கொண்டு ‘ஹ்க்’ என்றார். பாவம், முகமெல்லாம் சிவந்துவிட்டது.

டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. “விக்கறீங்க. விக்க வேண்டாம். வர்றதை வராம பிடிங்க.”

இன்னொரு தரம் செய்தார்.

“இன்னும் கொஞ்சம் முழுங்குங்க.”

பதினோராம் தரம் செய்தபோது டீச்சரின் கை தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. மறுபடி செய்யச் சொல்லவில்லை.

“நீங்களே பண்ணலாமுங்களே டீச்சர்,” என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. “உங்கம்மா.”

“நான் கேட்டுப் பத்து வருஷமாச்சு. நீங்க கேட்டது போன மாசம்.”

அதன் பிறகு அவர் போகிறேன் என்ற பேச்சையே எடுக்கவில்லை. தினமும் வந்தார். வீட்டிலும் பழகினார். அவர் மனைவி பாவம், ஒவ்வொரு விக்கலுக்கும் சொம்போடு ஓடிவந்து, “யாரோ உங்களை நினைக்கறாங்க” என்றாராம். மூன்றாம் நாள், “அந்த யாரோ வேற வேலை இல்லாதவங்களா?” என்று கேட்டாராம்.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை மாலை. அறுபது பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் வீணை என்று அழைப்பிதழில் பார்த்து வந்தவர்கள். மேடையில் ஒரு ஜமக்காளம். ஒரு பக்கம் ஒலிபெருக்கி. நடுவில் குலசேகரன் அண்ணன், முன்னால் நோட்டு, பக்கத்தில் ஒரு சின்னப் பதிவுக் கருவி.

“இதை ரெக்கார்ட் பண்றேங்க,” என்று டீச்சரிடம் முன்பே சொல்லியிருந்தார். “ஒண்ணையும் எடுக்க மாட்டேன்.”

சென்னியப்பன் ஒலிவாங்கியைப் பிடித்தார். “குருவின் பெயரை அம்மையார் இப்போது அறிவிப்பார்கள்.”

டீச்சர் ஓரத்திலிருந்து கையை ஆட்டினார். “கடைசியிலங்க.”

வீணை ஆரம்பித்தது. சுத்தமான வீணை. ஜனங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நாலு நிமிடம் பன்னிரண்டு நொடியில் குலசேகரன் அண்ணனுக்கு விக்கல் வந்தது.

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். இரண்டாவது விக்கலுக்கு நாலைந்து பேர் சிரித்தார்கள். அவரே அந்த ‘ஸ்ஸ்’ஸையும் போட்டபோது கூடம் முழுக்கச் சிரித்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து வெளியே போனார். நான் விரலைக் கடித்துக்கொண்டேன். குலசேகரன் அண்ணன் நோட்டைப் பார்த்தார், துண்டை வாயில் வைத்தார், அடக்கினார். அடக்க அடக்க வந்தது.

பத்தாவது விக்கலுக்கு யாரும் சிரிக்கவில்லை. அடுத்தது எப்போது வரும் என்று காத்திருந்தார்கள்.

டீச்சர் ஓரத்திலிருந்து நடக்கத் தொடங்கினார். வெறுங்கால். இரண்டு கையிலும் ஒரு டம்ளர் தண்ணீர். ஓர் அடி வைத்தார். நின்றார். பார்ப்பவர்களுக்குப் பொறுக்கவில்லை, சீக்கிரம் கொண்டுபோய்க் கொடு தாயே என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவருக்கு இருமல் வந்தது, கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். ஓர் அம்மாள் வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். சென்னியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூணோடு நின்றார்.

பதினாலாவது அடியில் டீச்சர் டம்ளரைக் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வாங்கினார். குடிக்கவில்லை.

“குடிங்களேன்,” என்று யாரோ பொறுக்க மாட்டாமல் கிசுகிசுத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் ‘ஸ்ஸ்’ என்று அதட்டினார்.

இன்னும் இருபத்திரண்டு நிமிடம். கையில் தண்ணீரோடு, வெள்ளை மீசை வைத்த ஒரு மனிதர் விக்கலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கச்சேரியில் அழுகிறவன் இல்லை. அன்றைக்கு அழுதேன்.

வீணை நின்றது. குலசேகரன் அண்ணன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய் மடக் மடக்கென்று குடித்தார். கூடம் முழுக்கக் கேட்டது. டம்ளரைக் கீழே வைத்தார். நோட்டில் இன்னும் ஒரு வரி இருந்தது. அதை மட்டும் அவர் செய்யப் போவதில்லை என்று முன்பே சொல்லியிருந்தார். “அந்த வார்த்தையை என் குரல்ல வெக்க மாட்டேங்க. அது போனது போனதுதான்.”

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கடுகு நிறச் சேலை, மடியில் கைப்பை. யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார்.

“அப்பாடா,” என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

குலசேகரன் அண்ணன் சட்டென்று திரும்பி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் ஒலிவாங்கியோடு மேடைக்கு வரலாமா வேண்டாமா என்று நின்றார்.

“டீச்சர்,” என்று கேட்டார் குலசேகரன் அண்ணன். “இன்னும் ஓடட்டுமுங்களா? கைதட்டு வரும். குரு பேர் சொல்லணும்.”

“வேண்டாங்கண்ணா,” என்றார் டீச்சர். “அப்பா இங்கதான் நிறுத்துவார்.”